எல்லை தாண்டினால் மூன்று மடங்கு

மார்கரெட் கிளைன் 1971ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இருந்தபடியே கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அடுத்த சில வாரங்களில் கனெக்டிகட்காரர் ஒருவரை மணந்துகொண்டு அந்த மாநிலத்துக்கே குடிபோனார். ஓட்டுநர் உரிமத்தை அங்கே வாங்கினார், காரை அங்கே பதிவு செய்தார், வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துக்கொண்டார். பல்கலைக்கழகமோ அவரிடம் வெளிமாநிலத்தாருக்கான கட்டணத்தையே கேட்டது. விண்ணப்பித்த நாளில் முகவரி வேறு மாநிலத்தில் இருந்தால், படிப்பு முடியும்வரை அந்த மாணவி வெளியாள்தான் என்றது மாநிலச் சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1973இல் தீர்ப்பு வந்தது: தான் இந்த மாநிலத்தவள் என்று நிரூபிக்க வாய்ப்பே தராமல் ஒருவரைக் கடைசிவரை வெளியாளாகவே வைத்திருப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது.

கிளைன் வென்றார். ஆனால் அமெரிக்கப் பெற்றோர்கள் இன்று எதிர்கொள்ளும் கணக்கு, அந்தத் தீர்ப்பு தொடாமல் விட்ட இடத்தில்தான் இருக்கிறது. மாநில அரசின் பல்கலைக்கழகம் உண்மையான வெளிமாநிலத்தாரிடம் கூடுதலாக வாங்கலாம் என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஓராண்டாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்ற மின்னசோட்டாவின் விதியை அதற்கு இரண்டாண்டு முன்பே உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியிருந்தது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறை இதுதான்: பன்னிரண்டு மாதக் குடியிருப்பு வேண்டும், அந்தக் குடியிருப்பு படிப்புக்காக மட்டும் இருக்கக் கூடாது, மாணவர் பெற்றோரை அண்டியிருப்பவர் என்றால் பெற்றோரின் வீடு எங்கே என்பதுதான் கணக்கு. முதல் வருடம் கூடக் கொடுத்துச் சேர்ந்துவிடலாம், இரண்டாம் வருடம் உள்ளூர்க்காரர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்களின் திட்டம் இந்த விதியில் மோதித்தான் உடைகிறது. மிசௌரி போல ஓராண்டு தங்கி, சம்பாதித்துக் காட்டினால் மாறிக்கொள்ள விடும் மாநிலங்கள் மிகச் சில.

இருப்பிடச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்ற நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்தப் பேச்சு அந்நியமில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத எம்.பி.பி.எஸ். இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி நமக்கு என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. நம்மிடம் இருப்பிடம் தீர்மானிப்பது, இடம் உண்டா இல்லையா என்பதை. அமெரிக்காவில் அது பெரும்பாலும் விலையைத் தீர்மானிக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்தில் 2024-25 கல்வியாண்டில் கலை, அறிவியல் பிரிவில் சேர்ந்த மிச்சிகன் மாணவருக்குக் கட்டணம் ஏறத்தாழ 18,000 டாலர். பக்கத்து மாநிலமான ஒஹையோவிலிருந்து வந்தவருக்கு 60,000 டாலரைத் தாண்டியது. பேராசிரியர், பாடம், நூலகம் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. சாப்பாடும் தங்கும் செலவும் இதில் சேரவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த எண்களை மேசையில் பரப்பிக்கொண்டு உட்காருகின்றன. சேர்க்கைக் கடிதங்கள் மார்ச் முடிவதற்குள் பெரும்பாலும் வந்துவிடும். மே 1க்குள் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் ஆசை ஒரு பக்கம், பெற்றோரின் சேமிப்பு மறுபக்கம். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தாரிடம் வாங்கும் அந்தக் கூடுதல் தொகைக்கும் கல்வியின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. மாநில அரசு கொடுக்காமல் விட்ட பணத்தை வேறு மாநிலத்துப் பெற்றோரிடமிருந்து ஈடுகட்டும் வழி அது. ஆகவே அதைக் கட்டப்போகும் குடும்பம், சொந்த மாநிலத்தில் கிடைக்காத எது அங்கே கிடைக்கிறது என்பதைப் பெயர் சொல்லிக் காட்ட முடிய வேண்டும். அப்படிக் காட்ட முடியாதவர்கள் தங்கள் மாநிலத்திலேயே படிப்பது நல்லது என்று நம்புகிறேன்.

இந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1862 ஜூலையில், உள்நாட்டுப் போருக்கு நடுவே, ஆபிரகாம் லிங்கன் மாரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு மாநிலத்துக்கு இருக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் கூட்டரசு நிலம் அந்த மாநிலத்துக்கு. அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரி. விவசாயியின் மகனும் தொழிலாளியின் மகளும் பட்டப்படிப்புக்கு வர இந்தச் சட்டம்தான் கதவைத் திறந்தது. மாநில மக்களின் வரியில் நடக்கும் கல்லூரி மாநில மக்களின் பிள்ளைகளுக்கே மலிவு என்ற எண்ணம் அங்கிருந்து வேர்விட்டது.

மாநிலக் கல்லூரி மாநில மக்களுக்கே சொந்தம் என்ற அந்த எண்ணத்திலும் ஒரு பிசகு உண்டு. தம் எல்லைக்குள் கூட்டரசு நிலம் இல்லாத கிழக்கு மாநிலங்கள், மேற்கே வேறு மாநிலங்களில் நிலம் எடுக்கும் உரிமைச் சீட்டுகளைப் பெற்றன. நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நிதி விஸ்கான்சினின் பைன் காடுகளிலிருந்து வந்தது. அந்த நிலங்கள் யாருடையவையாக இருந்தன என்பதை ‘ஹை கன்ட்ரி நியூஸ்’ இதழின் 2020ஆம் ஆண்டு ஆய்வு வெளிக்கொண்டுவந்தது: ஏறத்தாழ 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து பறித்த, ஒரு கோடியே ஏழு லட்சம் ஏக்கர். மாநில எல்லையை வைத்து உள்ளே, வெளியே என்று கட்டணம் பிரிக்கும் பல்கலைக்கழகங்கள் பல, அடித்தளத்தில் மற்றவர் நிலத்தில் நிற்பவை. கட்டணக் கணக்கு இதனால் மாறிவிடப் போவதில்லை. ஆனாலும் ‘எங்கள் மாநிலம், எங்கள் பல்கலைக்கழகம்’ என்ற வாதத்தைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வரிப்பணம் வந்துகொண்டிருந்தவரை வெளிமாநில மாணவர் ஓர் ஓரத்து விஷயம். 1960ஐ ஒட்டி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் ஏறத்தாழ முக்கால் பங்கை மாநில அரசு கொடுத்தது. இப்போது ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. மருத்துவ உதவித் திட்டங்கள், சிறைச்சாலைகள், ஓய்வூதியம் என்று மாநில வரவுசெலவுக் கணக்கில் மற்றவை வீங்க வீங்க, உயர்கல்வியின் பங்கு சுருங்கியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த வெட்டுகள் இன்னும் ஆழமானவை. உள்ளூர் மாணவரின் கட்டணத்தை உயர்த்தினால் சட்டமன்றத்தில் கூச்சல் எழும். வெளிமாநிலத்துப் பெற்றோருக்கோ அந்தச் சட்டமன்றத்தில் ஓட்டு இல்லை.

ஓசன் ஜாக்கெட், பிராட்லி கர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தத் தொடர்பை அளந்து பார்த்தார்கள். மாநில நிதி குறைந்த இடங்களில், குறிப்பாக ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில், வெளிமாநில முதலாண்டு மாணவர் எண்ணிக்கை கூடியது. வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் ஜான் பவுண்ட், பிரேனோ பிராகா, கௌரவ் கன்னா, சாரா டர்னர் ஆகியோர் கண்டதும் அதுவே. மாநில நிதி 10 சதவீதம் குறைந்தால், அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை ஏறத்தாழ 12 சதவீதம் கூடுகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரடியாக இளநிலைப் படிப்புக்குப் போகும் பிள்ளைகள் கட்டும் பணமும் அந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது.

அலபாமா பல்கலைக்கழகம் வெளிமாநில மாணவரைச் சேர்ப்பதை ஒரு திட்டமாகவே செய்து காட்டியது. 2003இல் ராபர்ட் விட் தலைவராக வந்தபோது டஸ்கலூசா வளாகத்தில் சுமார் 20,000 மாணவர்கள் இருந்தார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை 37,000ஐத் தாண்டியது. பாதிக்கு மேல் வெளிமாநிலத்தார். சேர்க்கை அலுவலர்களைப் பிற மாநிலங்களிலேயே குடியமர்த்தி, அங்குள்ள பள்ளிகளோடு உறவு வளர்த்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப்பை அள்ளிக் கொடுத்தார்கள். பத்தாண்டு முன்பு சில மில்லியன் டாலராக இருந்த அந்தச் செலவு, 2014-15இல் 10 கோடி டாலரை எட்டியது. இதில் கெட்டிக்காரத்தனம் உண்டு என்பதை மறுக்க முடியாது. கட்டிடங்கள் எழுந்தன, வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சராசரி ஏறியது. ஆனால் அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்றான அலபாமாவின் கிராமத்துப் பிள்ளைக்குப் பண உதவி தேவை என்பதற்காகக் கொடுத்த தொகையைவிட, இல்லினாயின் வசதியான புறநகரிலிருந்து வந்த பிள்ளைக்கு மதிப்பெண்ணுக்காகக் கொடுத்தது அதிகம் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது.

இந்தக் கசப்பு என் உணர்ச்சி மட்டும் இல்லை. ஜாக்கெட்டும் கர்ஸும் ஜூலி பாசெல்ட்டோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வெளிமாநில மாணவர் பங்கு உயர்ந்த அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் ஏழை மாணவரின் பங்கும், கறுப்பின, லத்தீன மாணவரின் பங்கும் இறங்கின. 2019இல் கிரிஸ்டல் ஹான், ஜாக்கெட், கரீனா சலசார் மூவரும் பதினைந்து அரசுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலர்கள் எந்தெந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள் என்று ஒவ்வொரு பயணமாகத் தொகுத்தார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உள்மாநிலத்தைவிட வெளிமாநிலங்களில்தான் அதிகம் அலைந்திருந்தன. அங்கும் போனது வசதியான பகுதிப் பள்ளிகளுக்கு, தனியார் பள்ளிகளுக்கு. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குத் தூரத்து மாநிலப் பல்கலைக்கழக அலுவலர் வந்து, பெயரிட்ட கடிதமும் அனுப்பினால், அதில் பிள்ளையின் திறமைக்கு ஒரு பங்கு உண்டு. உங்கள் வட்டாரத்தின் வருமானத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லா மாநிலமும் கதவை அகலத் திறந்து வைக்கவில்லை. வட கரோலினா 1986 முதல் முதலாண்டு மாணவரில் வெளிமாநிலத்தாருக்கு 18 சதவீத வரம்பு வைத்தது. சாப்பல் ஹில் வளாகத்தில் நுழைவது வெளியாருக்கு அவ்வளவு கடினமாக இருப்பது அதனால்தான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் முதலாண்டு இடங்களில் 90 சதவீதத்தை டெக்சஸ்காரர்களுக்கே வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2016ஆம் ஆண்டு மாநிலத் தணிக்கை அறிக்கை, வெளிமாநில மாணவருக்காக உள்மாநில மாணவரைப் பின்தள்ளியதாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைக் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகம் அதை மறுத்தது. இருந்தாலும் அடுத்த ஆண்டே 18 சதவீத வரம்பு வந்தது. ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வளாகங்களுக்கு மட்டும் அப்போது விலக்கு. 2025இல் சேர்ந்த வெளிமாநில மாணவர், வழக்கமான கட்டணத்துக்கு மேல் 37,602 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அவர்களுக்குத் தன் சொந்த நிதியிலிருந்து தேவை அடிப்படையில் உதவித்தொகை தருவதையும் 2016 முதல் அந்தப் பல்கலைக்கழகம் படிப்படியாக நிறுத்திவிட்டது. ‘பெர்க்லி கிடைத்துவிட்டது’ என்று நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில் லட்டு கொடுக்கும்போது இந்த வரி அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

சேர்க்கையோடு வரும் நிதி உதவிக் கடிதத்தையே கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். மேலே ‘மொத்தச் செலவு’ என்று ஓர் எண். சில கடிதங்களில் அதுவும் இருக்காது, கட்டணம் மட்டும் இருக்கும். அதன் கீழே பெரிய எழுத்தில் ஸ்காலர்ஷிப். அதற்கும் கீழே, அதே பட்டியலில், அதே எழுத்தளவில், ‘ஃபெடரல் அன்சப்சிடைஸ்டு லோன் 5,500’ என்று ஒரு வரி. எல்லாவற்றையும் கூட்டி ‘மொத்த உதவி’ என்று அடியில் போட்டிருப்பார்கள். திருப்பிக் கட்ட வேண்டிய கடனும், கட்ட வேண்டாத உதவியும் ஒரே கூட்டலில் வந்து விழுகின்றன. பேனாவை எடுத்து ‘லோன்’ என்ற சொல் வரும் வரிகளை எல்லாம் அடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கூட்ட வேண்டும்.

ஸ்காலர்ஷிப் வரியிலும் பார்க்க வேண்டியவை உண்டு. அது டாலர் எண்ணாக நிற்கிறதா, கட்டணத்தில் சதவீதமா? எண்ணாக இருந்தால் ஆண்டுதோறும் கட்டணம் ஏறும்போது அது தேய்ந்துகொண்டே போகும். நான்கு ஆண்டுக்கும் உண்டா, முதலாண்டுக்கு மட்டுமா? மதிப்பெண் சராசரி 3.0க்குக் கீழே போனால் ரத்தாகிவிடுமா? பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை பொறியியல் முதலாண்டில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்துச் சறுக்குவது அன்றாட நிகழ்ச்சி. சறுக்கலுக்குத் தண்டனை மூன்றாம் பருவத்தில் இருந்து ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் என்றால், அந்தப் பிள்ளை நல்ல பாடத்தை விட்டு எளிய பாடத்தைத் தேடும். இதைக் குடும்பங்கள் பொதுவாக யோசிப்பதில்லை.

கூட்டரசின் கல்லூரி இணையதளங்களில் ‘சராசரி நிகரச் செலவு’ என்று ஓர் எண் இருக்கும். உதவித்தொகை கழித்து, குடும்பங்கள் உண்மையில் கட்டுவது எவ்வளவு என்று அது சொல்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சராசரியை உள்மாநிலக் கட்டணம் கட்டும் மாணவரை மட்டும் வைத்தே கணக்கிடுகிறார்கள். வெளிமாநிலக் குடும்பம் அதைப் பார்த்து ஆறுதல் அடைந்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்தில் வைத்திருக்க வேண்டிய செலவுக் கணிப்பான், அதில் வெளிமாநிலம் என்று குறிப்பிட்டால், ஓரளவு நம்பத் தக்கது.

கடனுக்கு வருவோம். பெற்றோரை அண்டியிருக்கும் இளநிலை மாணவர் தம் பெயரில் வாங்கக்கூடிய கூட்டரசுக் கடன் முதலாண்டில் 5,500 டாலர், அடுத்து 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டில் 27,000. மிச்சிகன் உதாரணத்தில் உள்மாநில, வெளிமாநிலக் கட்டணங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் நான்கு ஆண்டில் 1,70,000 டாலர் அளவுக்கு வரும். இந்த இடைவெளியைப் பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன்தான் இதுவரை நிரப்பியது. முழுச் செலவு வரைக்கும் அதில் வாங்க முடிந்தது. பெற்றோரின் வருமானம் அதைத் தாங்குமா என்று கறாராகப் பார்க்க மாட்டார்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் இதற்கு வரம்பு கட்டியது. 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000. ஐம்பது வயதுக்கு மேல் கடன்காரராவதை இந்த வரம்பு ஓரளவு தடுக்கும் என்று வரவேற்கிறேன். ஆனால் மீதிக்குத் தனியார் வங்கிக் கடனைத் தேடிப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசமாகும். அங்கே தவணைச் சலுகைகள் மிகக் குறைவு.

சரி, இவ்வளவு கொடுத்தால் என்ன கிடைக்கும்? பெரிய அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உண்மையிலேயே பெரியது. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் 70,000 மாணவர்களுக்கு மேல். முதலாண்டு வேதியியலை முந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் கேட்பார்கள். ஐயம் கேட்க வாரம் ஒருமுறை ஆய்வு மாணவர் நடத்தும் சிறு வகுப்பு. வர்ஜீனியா டெக்கில் ‘மேத் எம்போரியம்’ என்று ஓர் இடம் உண்டு. பழைய பல்பொருள் அங்காடிக் கட்டிடத்தை எடுத்து 1997இல் நூற்றுக்கணக்கான கணினிகளை அதில் போட்டார்கள். மாணவர்கள் தம் வேகத்தில் கணக்குப் பாடத்தைத் திரையில் படிப்பார்கள். புரியாவிட்டால் கையை உயர்த்த வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பையைக் கணினி மேல் வைத்தால், சுற்றிவரும் உதவியாளர் யாராவது வந்து நிற்பார். செலவு குறைந்ததால் பிற கல்லூரிகளும் இந்த முறையைப் பின்பற்றின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோப்பையை எடுத்து வைக்கக் கூச்சப்படாத பிள்ளை அங்கே நன்றாகவே படிக்கும். உதவி தேடிப் போகப் பழகாத பிள்ளை, தெரிந்த முகமே இல்லாத ஊரில், ஒரு பருவம் முழுக்கக் கோப்பையைத் தொடாமலே இருந்துவிடலாம். வீடு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தால் அது தாய்க்குத் தெரிந்துவிடும். நாலு மணி நேர விமானத் தூரத்தில் தெரியாது.

பெரிய பல்கலைக்கழகத்தின் உண்மையான பலம் அதன் துறைகளின் ஆழத்தில் இருக்கிறது. பூச்சியியல், அணுப் பொறியியல், விண்வெளிப் பொறியியல், இருபது முப்பது மொழிகள், கோடிக்கணக்கான டாலர் ஆய்வுக்கூடங்கள். சொந்த மாநிலத்தில் விண்வெளிப் பொறியியல் துறையே சரியாக இல்லாத ஒரு பிள்ளைக்கு பர்டூ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றால், அது பெயர் சொல்லிக் காட்டக்கூடிய காரணம். பர்டூவுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மிச் டேனியல்ஸ் தலைவராக இருந்தபோது 2013இல் கட்டணத்தை உறைய வைத்தார்கள். உள்மாநிலத்துக்கு 9,992, வெளிமாநிலத்துக்கு 28,794 என்ற அடிப்படைக் கட்டணம் பத்தாண்டுக்கு மேலாக ஏறவே இல்லை. அங்கும் ஏறத்தாழ மூன்று மடங்குதான். ஆனாலும் நான்காம் ஆண்டு எவ்வளவு கட்டுவோம் என்பதை முதலாண்டிலேயே கிட்டத்தட்டச் சொல்லிவிட முடிந்தது. அந்த உறுதியே பல குடும்பங்களை அங்கே இழுத்தது.

துறை இருப்பதும் துறைக்குள் இடம் கிடைப்பதும் வேறு வேறு. நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். கணினி அறிவியல் வேண்டும் என்று போகும் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் போதும், பிறகு மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புகிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு முதலாண்டிலேயே தனியாகத் தேர்வு செய்கிறார்கள். அதிலும் வாஷிங்டன் மாநிலத்தாருக்கு முன்னுரிமை. தேர்வாகாமல் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் வந்தவர், பிறகு உள்ளே நுழைவது குதிரைக்கொம்பு. ‘ப்ரீ-மேஜர்’, ‘அன்டிக்ளேர்டு’ என்ற சொற்கள் கடிதத்தில் இருந்தால், அந்தத் துறைக்கு மாறுவோரில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறது என்று துறை அலுவலகத்தையே கேட்க வேண்டும். இந்த உறுதி கையில் இல்லாமல் மூன்று மடங்கு பணம் கட்டுவதை என்னால் எந்தக் குடும்பத்துக்கும் சொல்ல முடியாது.

பெயருக்கு மதிப்பு இல்லையா என்று கேட்பார்கள். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுவது அதனால்தான். ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவரில், பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்தார்கள். விலக்கு, ஏழைக் குடும்பத்து மாணவர்கள்: அவர்களுக்குப் பெரிய கல்லூரி உண்மையில் பயன் தந்தது. மார்க் ஹூக்ஸ்ட்ரா 2009இல் வேறு திசையிலிருந்து பார்த்தார். ஒரு மாநிலத்தின் தலைமைப் பல்கலைக்கழகத்தில் மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டால், வெள்ளையின ஆண்களில் கிடைத்தவர்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் கூடுதல். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: தலைமைப் பல்கலைக்கழகத்துக்கும் அதற்குக் கீழ்ப்பட்ட கல்லூரிக்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது. ஒரு மாநிலத்துத் தலைமைப் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொரு மாநிலத்துடையதற்கும் இடையே மூன்று மடங்கு விலையை நியாயப்படுத்தும் வித்தியாசம் இருப்பதாக இந்த ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை.

மலிவு என்பதற்காகவே உள்ளூரில் சேர்த்துவிடலாம் என்ற பதிலும் போதாது. மாசசூசெட்ஸ் 2005 முதல் ஆடம்ஸ் ஸ்காலர்ஷிப் என்ற ஒன்றைக் கொடுத்தது. தேர்வில் முன்னணியில் வந்த மாணவருக்கு மாநில அரசுக் கல்லூரிகளில் ‘டியூஷன்’ இலவசம். அந்தக் கல்லூரிகளில் ‘டியூஷன்’ என்பது சிறு தொகை. ‘ஃபீஸ்’ என்ற பெயரில் வாங்கியது அதைப்போல் பல மடங்கு. அப்படியிருந்தும் இலவசம் என்ற சொல் இழுத்தது. சாரா கோடஸ், ஜோஷுவா குட்மன் 2014இல் கண்டது வருந்தத்தக்கது: இதற்காக நல்ல கல்லூரிகளை விட்டுவிட்டு வந்த மாணவர்கள் பட்டம் முடிக்கும் வாய்ப்பே குறைந்தது. எனவே சொந்த மாநிலக் கல்லூரியில் சேருமுன் அங்கே சேர்பவரில் எத்தனை சதவீதம் ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கும் வெளிமாநிலக் கல்லூரிக்கும் அந்த எண்ணில் பெரிய இடைவெளி இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். இடைவெளி இல்லையென்றால் கொடுக்கத் தேவையில்லை.

எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன் என்ற சமூகவியலாளர்கள் மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் விடுதியில், ஒரே தளத்தில் தங்கியிருந்த பெண்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 2013இல் ஒரு நூல் எழுதினார்கள். முழுக் கட்டணம் கட்டும் வசதியான வெளிமாநிலப் பெண்களுக்காக விருந்துக் கலாச்சாரமும், சொராரிட்டி என்னும் மாணவியர் சங்க வாழ்க்கையும், எளிய மேஜர்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அவர்கள் காட்டினார்கள். அந்தப் பெண்கள் பட்டம் முடித்ததும் அப்பாவின் தொடர்புகளால் வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து அதே வழியில் போன நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் கடனோடு வீடு திரும்பினார்கள். உழைக்கும் வர்க்கத்துப் பெண்களில், வீட்டுக்கு அருகிலிருந்த சிறு வளாகத்துக்கு மாறிப் போனவர்களே நன்றாக இருந்தார்கள். பல்கலைக்கழகம் ஒன்றேயானாலும், அதற்குள் பிள்ளை எந்தப் பாதையில் நடக்கும் என்பதைக் குடும்பத்தின் பணமும் பழக்கவழக்கமும் தீர்மானிப்பதை இவ்வளவு அருகிலிருந்து பார்த்த வேறு நூல் எனக்குத் தெரியாது.

நடுவழிகளும் இருக்கின்றன. மேற்கு மாநிலங்களின் மாணவர் பரிமாற்ற ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள், உறுப்பு மாநில மாணவரிடம் உள்மாநிலக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. தென் மாநிலங்களின் ஏற்பாட்டில், சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்புக்கு உள்மாநிலக் கட்டணமே கிடைக்கும். மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் 1960களின் இறுதியிலிருந்தே ஒன்று மற்றதன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்கின்றன. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் போட்டியில் வென்ற 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் இருந்தாலே, வெளிமாநில மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணம் கிடைக்க வழியுண்டு. எல்லா வளாகத்துக்கும் எல்லாத் துறைக்கும் இவை பொருந்தா. பெர்க்லியும் ஆன் ஆர்பரும் இவற்றில் இல்லை. ஆனாலும் வெளிமாநிலம் போக விரும்பும் பிள்ளை முதலில் தேட வேண்டிய இடம் இது.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. எச்-1பி விசாவில் வந்த தகப்பன், எச்-4 விசாவில் தாயும் பிள்ளையும். நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு எந்த ஒரு நாட்டாருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதியால், இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டு நீளமாகிவிட்டது. நான்கு வயதில் வந்த பிள்ளை அங்கேயே பள்ளி முடித்து, அங்கத்திய உச்சரிப்பில் பேசி, அந்த மாநிலத்தை மட்டுமே ஊராக அறிந்திருக்கும். அதற்குக் கூட்டரசு உதவித்தொகையும் கிடையாது, கூட்டரசுக் கடனும் கிடையாது. கிடைக்கக்கூடிய ஒரே பெரிய சலுகை உள்மாநிலக் கட்டணம்.

அந்தச் சலுகைக்கு ஒரு பழைய வழக்கின் நிழல் உண்டு. மேரிலாந்துப் பல்கலைக்கழகம், சர்வதேச நிறுவனங்களில் வேலை பார்ப்போரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஜி-4 விசாவில் இருப்பதைக் காரணம் காட்டி உள்மாநிலக் கட்டணத்தை மறுத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் டோல் எதிர் மொரேனோ தீர்ப்பில் அதைச் செல்லாததாக்கியது: கூட்டரசு ஒருவரை இங்கே குடியிருக்க அனுமதித்தபின், மாநிலம் தன் விருப்பத்துக்குக் கூடுதல் சுமை ஏற்றக் கூடாது. எச்-4 பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஆயினும் டெக்சஸ் உள்ளிட்ட பல மாநிலங்கள் எச்-1பி, எச்-4 குடும்பங்களை உள்மாநிலத்தாராக ஏற்கின்றன. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இருபத்தொன்றாவது பிறந்தநாளில் பிள்ளை எச்-4இல் இருந்து வெளியேறியாக வேண்டும். பெரும்பாலும் அது கல்லூரி மூன்றாம், நான்காம் ஆண்டில் விழுகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், பல இடங்களில் அதே மாணவர் ஒரே நாளில் வெளிநாட்டு மாணவர் ஆகிவிடுவார். கட்டணமும் அப்படியே மாறலாம். வெளிமாநிலத்தில் படிப்பவருக்குக் கட்டணத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ஏற்கெனவே முழு விலைதான் கட்டுகிறார். ஆனால் அவருடைய மெரிட் ஸ்காலர்ஷிப் விசா வகை மாறினாலும் தொடருமா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் பொறுத்தது. ஆகவே இத்தகைய குடும்பம் மே 1க்கு முன் இரண்டு அலுவலகங்களுக்கும், அதாவது சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் குடியிருப்பு வகைப்பாட்டுப் பிரிவுக்கும், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதி உதவிப் பிரிவுக்கும், ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்: என் மகளுக்கு இன்ன தேதியில் இருபத்தொரு வயது, அன்றிலிருந்து பட்டம் முடியும்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் நாங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு? தொலைபேசியில் வரும் பதிலை நம்ப வேண்டாம். எழுத்தில் வரும் பதிலைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்து, நான்கு ஆண்டுத் தொகையைத் தாளில் போட்டு, அதன் பிறகு முன்பணம் கட்டலாம்.